சுவர் நிழல்

காலை ஆறு மணி. டைமர் ‘டக்’ என்கிறது. டியூப்லைட் எரிகிறது.

இந்த அறையின் விடியல் இவ்வளவுதான். சிவப்பு இல்லை, சாம்பல் இல்லை, காகம் இல்லை. இருட்டு இருந்த இடத்தில் வெளிச்சம் இருக்கிறது.

*

இங்கே ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது. பக்கத்து மனையில் கட்டடம் எழுந்தபோது அதன் சுவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. யாரோ செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். பூச்சுக்கு அடியில் சட்டத்தின் விளிம்பு இன்னும் தடவினால் தெரிகிறது.

அதன் கீழே மேஜை. மேஜைமேல் தொட்டிகள்.

*

மணி பிளான்ட். ஸ்நேக் பிளான்ட். அக்லோனிமா. மராண்டா. பீஸ் லில்லி. ஓரத்தில் ஒரு ஜீஜீ பிளான்ட்.

விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விடுகிறேன். குளிர்கிறது. நகக்கண்ணில் நார்த்தூள் ஒட்டுகிறது.

இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

*

“வெயிலே வேணாம் சார். ரூமுக்குள்ளயே வச்சுக்கலாம்.”

நர்சரிக்காரர் இதைச் சொல்லும்போது தலைக்கு மேலே பச்சை நிழல்வலை. வலையின் கண்கள் வழியே சித்திரை வெயில் ஒழுகுகிறது. முக்கால்வாசி வெயிலை வலை மறைத்தாலும் மிச்சம் 25,000 லக்ஸ் இருக்கும். அவர் சொல்லும் நிழல் அது. அங்கே நின்று பேசும்போது கண் கூசுகிறது.

*

உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகல் 10,000. அலுவலக மேஜை 300 முதல் 500.

மொபைலில் உள்ள மீட்டர் இந்த மேஜையில் 400 காட்டுகிறது. புத்தக அலமாரி நிற்கும் மூலையில் 35.

கண்ணுக்கு மூலையும் வெளிச்சம்தான். புத்தக முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க முடிகிறது. கண்மணி விரிகிறது. விழித்திரை தன்னைத் திருத்திக்கொள்கிறது. தெருவில் இருந்த வெயிலைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறது.

இலை மறப்பதில்லை. எத்தனை ஒளித்துகள் விழுந்ததோ அத்தனைக்குத்தான் சர்க்கரை.

*

குண்டு பல்பு என்றால், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு. நாலடி டியூப்லைட்டின் அருகில் கணக்கு அவ்வளவு கடுமை இல்லை. இரண்டு மடங்கு தூரத்துக்கு ஏறத்தாழ அரைப் பங்கு.

தொட்டியை ஒரு சாண் முன்னால் இழுக்கிறேன். மேஜையில் ஈர வளையம் தெரிகிறது. அது காயும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

இலைக்கு இரண்டு வேலை. ஒளியில் சர்க்கரை ஆக்குகிறது. ஆக்கிய சர்க்கரையை மூச்சில் எரிக்கிறது. முதல் வேலைக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டாவதற்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை.

வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகின்றன. ஈடுசெய்யும் புள்ளி என்கிறது பாடப்புத்தகம்.

அந்தப் புள்ளியில் செடி வளர்வதில்லை. சாவதும் இல்லை.

வெயிலில் பிறந்த செடிக்கு அந்தப் புள்ளி உயரத்தில் இருக்கிறது. காட்டுத் தரையில் பிறந்த செடிக்கு மிகத் தாழ்வில். அதன் இலை மெல்லியது, அகலமானது, பச்சையம் அடர்ந்தது. அதன் மூச்சும் மெதுவானது. பெரிதாக எதையும் சம்பாதிப்பதில்லை. செலவு குறைவு.

*

மூக்கு நுனியில் காற்று குளிர்ந்து நுழைகிறது. சற்றுச் சூடாகி வெளியேறுகிறது.

ஃபேன் இரண்டில் ஓடுகிறது. மணி பிளான்டில் ஒரே ஒரு இலை ஆடுகிறது. மற்றவை ஆடவில்லை.

*

ஜீஜீ பல மாதங்களாக ஒரு துளிரும் விடவில்லை. ஓர் இலையும் உதிர்க்கவில்லை. வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்கிறார்கள்.

மண்ணுக்கு அடியில் உருளைக்கிழங்கு அளவில் கிழங்குகள். கென்யா, தான்சானியா பக்கம் மழை இல்லாத மாதங்களைக் கடக்க அது சேர்த்து வைக்கும் தண்ணீரும் மாவும். 1990களின் நடுவில் ஹாலந்து நர்சரிகள் பெருக்கி விற்கத் தொடங்கின. பிறகு உலகத்தின் வரவேற்பறைகளிலெல்லாம் வந்து நின்றுவிட்டது.

வெளிச்சமே எட்டாத மூலையிலும் அது மாதக்கணக்கில் பளபளவென்று நிற்கும். கிழங்கின் கையிருப்பில் நிற்கும். எதையும் தாங்கும் செடி என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் நம்பிக்கை இல்லை. நிலைத்து நிற்பதும் மெல்லக் குறைவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகவே இருக்கின்றன.

தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். கனக்கிறது. கனப்பது மண்ணா கிழங்கா என்று கைக்குத் தெரியவில்லை.

*

ஈரத்துணியால் இலை துடைக்கிறேன். ஒரு கை இலைக்கு அடியில், ஒரு கை மேலே. அடிமுதல் நுனிவரை ஒரே இழுப்பு.

மெட்ரோ வேலை நடக்கும் சாலையின் தூசி, அடைத்த அறைக்குள்ளும் வந்து படிகிறது. துணி சாம்பல் நிறமாகிறது. துடைத்த பட்டை கரும்பச்சையாகத் தெரிகிறது. துடைக்காத பாதி அருகிலேயே இருக்கிறது.

*

ஸ்நேக் பிளான்ட் இரவில்தான் வாய் திறக்கிறது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் வாங்கிய கரியமிலக் காற்றை அமிலமாக வைத்திருந்து, வெளிச்சம் வந்ததும் எடுத்துப் பயன்படுத்துகிறது. தண்ணீர் போகாமல் காக்கும் ஏற்பாடு. மேற்கு ஆப்பிரிக்காவில் பழகியது.

நம் முள்காட்டில் புதரடியில் வளரும் மருளும் அதன் உறவு. உரித்தால் வெள்ளை நார். வில்லுக்கு நாணாகத் திரித்த நார்.

மணி பதினொன்று. விளக்கு அணைந்து நேரமாகிவிட்டது. அறைக்குள் ஏதோ உள்ளே போகிறது, ஏதோ வெளியே வருகிறது. எதுவும் கேட்கவில்லை.

*

பழுதான எல்இடி பல்பின் மூடியைக் கழற்றுகிறேன். உள்ளே வரிசையாக மஞ்சள் பொட்டுகள்.

எரியாதபோது மஞ்சள். எரிந்தால் வெள்ளை.

பூச்சுக்கு அடியில் பிறப்பது நீல ஒளி. அதில் ஒரு பங்கு பூச்சில் பட்டு மஞ்சளாகிறது. மிச்ச நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.

இலை அதிகம் எடுத்துக்கொள்வது நீலமும் சிவப்பும். இந்த எல்இடி டியூப்லைட்டைச் செய்தவர்கள் இலையை நினைத்துச் செய்யவில்லை. நீலம் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

*

கடையில் க்ரோ லைட் கிடைக்கிறது. கத்தரிப்பூ நிற வெளிச்சம். அதன் கீழே இலைகள் கறுப்பாகத் தெரிகின்றன. பச்சை ஒளியே வராத இடத்தில், திருப்பி அனுப்ப இலையிடம் பச்சை இல்லை.

காகிதம் ஊதா. விரல் ஊதா. அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கிறது.

வெள்ளை டியூப்லைட்டே இருக்கட்டும். பச்சை ஒளியும் வீணாவதில்லை என்கிறார்கள். இலையின் மேலடுக்கு பிடிக்காமல் விட்டதை உள்ளடுக்குகள் பிடித்துக்கொள்கின்றன.

*

மரத்தடியில் நிழல். சுவரடியில் நிழல். கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

மரத்தின் இலை, வெயிலில் உள்ள சிவப்பைத் தான் எடுத்துக்கொள்கிறது. சிவப்புக்கு அடுத்து, நம் கண் ஏறத்தாழக் கைவிடும் இடத்தில் உள்ள தூரச்சிவப்பைக் கீழே விட்டுவிடுகிறது. கீழே நிற்கும் செடி இரண்டின் விகிதத்தைப் படிக்கிறது. மேலே யாரோ இருப்பது தெரிந்து தண்டை நீட்டுகிறது. படிக்கும் நிறமிக்கு பைட்டோகுரோம் என்று பெயர். 1959-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் அதைப் பிடித்தார்கள்.

சுவர் எதையும் சலித்து அனுப்புவதில்லை. மொத்தமாக மறைக்கிறது. வெள்ளை எல்இடியிலும் தூரச்சிவப்பு மிகக் குறைவு.

ஆகவே இந்த அறையில் செடிக்கு வரும் செய்தி விசித்திரமானது. மேலே யாரும் இல்லை. வெளிச்சமும் இல்லை.

காட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது.

*

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கோயில் பொங்கலுக்குச் சாட்டியதும் முளைப்பாரி போடுகிறார்கள்.

ஒரு வீட்டின் உள்ளறை. ஜன்னலுக்குச் சாக்கு. கதவிடுக்கில் துணி. மண்சட்டியில் கரம்பை மண், வைக்கோல், காய்ந்த சாணத்தூள். ஊறவைத்த தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம், நெல். தண்ணீர் தெளிக்க மட்டும் கதவு திறக்கிறது. பெண்கள் மட்டும் உள்ளே போகிறார்கள். சாயங்காலம் அறைக்கு வெளியே கும்மிச் சத்தம்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முளை முழம் உயரம் நிற்கிறது. வெளிர்மஞ்சள். ஒரு துளி பச்சை இல்லை. தொட்டால் குளிர்ச்சி. அழுத்தினால் ஒடிந்து தண்ணீர் விடுகிறது.

விதைக்குள் இருந்த உணவையே செலவழித்து, இலை விரிக்காமல், தண்டாகவே மேலே போகிறது. மண்ணுக்கு அடியில் இருப்பதாகவே அதற்கு நினைப்பு. இன்னும் கொஞ்சம் மேலே போனால் வெளிச்சம் என்று.

ஊர்வலத்தில் தலைமேல் வரும்போது வெயில் படுகிறது. சில மணி நேர வெளிச்சம் போதும், நுனியில் பச்சை ஏறத் தொடங்கிவிடும். அதற்குள் கண்மாய் வந்துவிடுகிறது. கரைத்துவிடுகிறார்கள்.

சிறுவயதில் அந்தக் கதவிடுக்கில் மூக்கை வைத்த ஞாபகம். எதுவும் தெரியவில்லை. ஈரச் சாணமும் முளையும் கலந்த மணம் மட்டும். தேங்காய் நார்த்தூளில் அந்த மணம் இல்லை.

*

கரண்ட் போகிறது.

ஃபேன் நிற்க நேரம் எடுக்கிறது. கடைசிச் சுற்றுகளை எண்ண முடிகிறது. பிறகு அதுவும் இல்லை.

இந்த இருட்டில் கை முன்னால் இருப்பது தெரியவில்லை. ஆனால் எங்கே எந்தத் தொட்டி என்று தெரிகிறது. மண்ணின் ஈரம் மூக்குக்கு வருகிறது.

கரண்ட் வருகிறது. எல்லாம் வைத்த இடத்தில்.

*

கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் டைமரின் கடிகாரம் பின்தங்குகிறது. தான் நின்ற நேரத்தை அது அறியாது.

இந்த வாரம் இந்த அறைக்கு 7.10-க்கு விடிகிறது. மாலையும் அதற்கேற்பத் தள்ளிப் போய்விட்டது. திருத்த முள்ளைத் திருகினால் போதும். திருகவில்லை.

*

மராண்டாவின் இலைகள் இரவில் எழுந்து நிற்கின்றன. காலையில் படுக்கின்றன.

விளக்கு அணைவதற்கு முன்பே எழத் தொடங்கிவிடுகின்றன. இலையோடு இலை உரசி ‘சரக்’ என்று ஒரு சத்தம். எழுதிக்கொண்டிருந்தால் கேட்காது.

1729-இல் பிரான்சில் தே மேரான் என்ற வானியலாளர், பகலில் விரிந்து இரவில் மடியும் ஒரு செடியை இருட்டில் அடைத்து வைத்தார். தொட்டாற்சிணுங்கி வகையாக இருக்கலாம். வெளியே பகல் வந்தபோது உள்ளே இலைகள் விரிந்தன. வெளியே இரவு வந்தபோது மடிந்தன. வெயிலைப் பார்க்காமலே செடி வெயிலை உணர்கிறது என்று அவர் நினைத்தார். அவர் அதை எழுதி அனுப்பக்கூட இல்லை. நண்பர் ஒருவர்தான் அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார்.

செடிக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்று ஏற்க, பிறகு நெடுங்காலம் ஆனது.

மராண்டாவின் கடிகாரம் எந்த விடியலை வைத்து ஓடுகிறது. டைமரின் 7.10-ஆ. பழைய ஆறு மணியா. இரண்டு நாளாகச் சற்றுத் தடுமாறுகிறது. ஓர் இலை எழுந்து, அருகிலேயே ஓர் இலை படுத்திருக்கிறது.

*

20 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம். கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாத பில்லில் 14 யூனிட் சொச்சம்.

வெயில் இல்லாத அறை என்று எழுதுகிறேன். அடித்துவிடுகிறேன்.

நெய்வேலியில் எரிவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு. அந்தக் காடு வாங்கி வைத்த வெயில். முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுவது, எங்கோ நிலத்தைச் சூடாக்கிய வெயில் நகர்த்திய காற்று. மேட்டூரில் விழுவது, கடலிலிருந்து வெயில் தூக்கிய தண்ணீர்.

கூடங்குளத்து யுரேனியம் மட்டும் இந்தச் சூரியனுடையது இல்லை. சூரியன் பிறப்பதற்கு முன்பே, வேறு விண்மீன்களின் வெடிப்பிலோ மோதலிலோ உண்டானது.

எல்லாம் ஒரே கம்பியில் வருகின்றன. சுவிட்சைத் தொடுகிறேன். இளஞ்சூடு.

*

அக்லோனிமா வாங்கியபோது இலை நரம்பெல்லாம் ரோஜா நிறம். இங்கே வந்த பிறகு விரியும் இலைகளில் ரோஜா குறைகிறது. கடைசியாக வந்தது முழுப் பச்சை.

மணி பிளான்டிலும் பொன்னிறத் தெறிப்பு மறைந்துகொண்டே போகிறது. பொன்னிறம் உள்ள இடத்தில் பச்சையம் குறைவு. இந்த வெளிச்சத்தில் அந்த இடத்தை அப்படி விட்டுவைக்க முடியவில்லை போலும்.

பழைய இலைகளில் பொன் அப்படியே இருக்கிறது. வந்த வெளிச்சத்தை இலை திருத்தி எழுதுவதில்லை. கொடியின் அடியிலிருந்து நுனிவரை கண்ணை நகர்த்தினால், நர்சரியிலிருந்து இங்கே வந்த வழி தெரிகிறது.

*

மணி பிளான்டின் ஊர் மோரேயா. பசிபிக் கடலில், தஹிதிக்குப் பக்கத்துத் தீவு. மரத்தில் ஏறினால் இலை முறம் அளவுக்கு விரிந்து கிழிகிறது. மேஜையில் இருப்பது உள்ளங்கையளவு.

தானாகப் பூப்பதில்லை. பூக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின் ஹார்மோனை ஆக்கும் மரபணு ஒன்று அதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் காட்டினார்கள். தானாகப் பூத்ததாகக் கடைசிப் பதிவு 1964.

விதை இல்லை. வெட்டுத் துண்டு, வெட்டுத் துண்டாகவே இத்தனை வீடுகள்.

*

பீஸ் லில்லி டியூப்லைட்டை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்கிறேன். திரும்பவும் சாயும்.

டார்வின் தன் மகன் ஃபிரான்சிஸோடு சேர்ந்து புல் முளைகளின் நுனியை மூடி வைத்துப் பார்த்தார். நுனியை மூடினால் வளையவில்லை. வெளிச்சத்தைப் பார்ப்பது நுனி, வளைவது அதற்குக் கீழே. 1880-இல் புத்தகம் வந்தது.

அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் சீமென்ஸ் இரவெல்லாம் மின்வில் விளக்கை எரியவிட்டுச் செடி வளர்த்துக் காட்டினார். மூடாத விளக்கின் பக்கத்தில் இலைகள் கருகின. நடுவே கண்ணாடி வைத்ததும் தாங்கிக்கொண்டன.

*

பிரான்சில் லாஸ்கோ குகை. 1940-இல் சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். 1948-இல் கூட்டத்துக்குத் திறந்தார்கள். உள்ளே விளக்குப் போட்டார்கள்.

ஆயிரமாயிரம் ஆண்டுகள் இருட்டில் நின்ற எருதுகளும் குதிரைகளும். அவற்றின்மேல் பாசி படியத் தொடங்கியது. பச்சை நோய் என்று பெயர் வைத்தார்கள். 1963-இல் மூடிவிட்டார்கள்.

யாரும் விதைக்கவில்லை. விளக்கும் பார்க்க வந்தவர்களின் மூச்சும் இருந்தன.

*

வெளிச்சம் குறைந்தால் தாகமும் குறைகிறது. உள்ளறைச் செடிகள் காய்ந்து சாவது அரிது. ஊற்றி ஊற்றித்தான் சாகின்றன.

ஈரம் வடியாத மண்ணில் காற்று இல்லை. வேர் மூச்சு முட்டிப் பழுப்பாகிறது. இரண்டு விரலால் பிடித்து உருவினால், தோல் கையோடு வந்துவிடுகிறது. நடு நார் மட்டும் நூலாக நிற்கிறது. சேற்று வாடை.

நல்ல வேர் உருவினாலும் வராது. வெள்ளையாக, விறைப்பாக இருக்கும்.

*

காலையில் மணி பிளான்ட் இலை நுனியில் ஒரு சொட்டு. பனி இல்லை. இரவில் வேர் ஏற்றிய தண்ணீர், போக வழியில்லாமல் நுனிக்கு வந்து நிற்கிறது.

விழுவதற்காகக் காத்திருக்கிறேன். வேறு ஏதோ நினைப்பு வருகிறது. திரும்பிப் பார்க்கும்போது மேஜையில் ஒரு வட்டம்.

*

மண்ணுக்கு மேலே பொடிப் பூச்சிகள் பறக்கின்றன. எழுதும் காகிதத்தில் ஒன்று உட்காருகிறது. இறக்கையில் நரம்பு தெரிகிறது. ஊதினால் போகிறது. மேல்மண் காய்ந்தால் குறைந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் லண்டன் வீடுகளில், முன்னறையில் ஆஸ்பிடிஸ்ட்ரா வைத்தார்கள். தெருவில் நிலக்கரிப் புகை, உள்ளே கேஸ் விளக்கு, கனத்த திரைச்சீலை. மற்றவை செத்த இடத்தில் அது நின்றது. நின்றதாலேயே சலிப்பின் அடையாளமாகிப்போனது. 1936-இல் ஆர்வெல் அதை ஒரு நாவலின் தலைப்பிலேயே வைத்தார்.

அதன் பூ மண்ணை ஒட்டிப் பூக்கிறது, இலைக்குப்பைக்கு நடுவில். ஜப்பானின் தெற்கில் உள்ள தீவொன்றில் இந்தப் பொடிப் பூச்சி இனங்களே அதற்கு மகரந்தம் சுமக்கின்றன என்று 2018-இல் எழுதினார்கள்.

நம் நர்சரிகளில் ஆஸ்பிடிஸ்ட்ராவை அதிகம் பார்க்க முடிவதில்லை. பூச்சி வந்துவிட்டது.

*

மலேசியக் காட்டில் ஒரு பிகோனியா. இலை மயில் நீலமாக மின்னுகிறது.

அந்தக் காட்டுத் தரைக்கு வருவது மேலே உள்ள வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. இலைக்குள் பச்சையத் தட்டுகள் சம இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கு நீலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கே மிஞ்சி வரும் பச்சையையும் சிவப்பையும் கூடுதலாகப் பிடிக்கிறது. 2016-இல் விளக்கினார்கள்.

படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்த நீலத்தை இந்தத் திரையின் நீலத்தில் பார்த்திருக்கிறேன்.

*

செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டு சொல்கிறது.

1989-இல் நாசாவுக்காக வுல்வெர்ட்டன் என்பவர் அடைத்த பெட்டிக்குள் செடிகளை வைத்து, காற்றில் நச்சு குறைவதை அளந்தார். அடைத்த பெட்டி. 2019-இல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செய்யச் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்றார்கள்.

இது பத்தடிக்குப் பத்தடி அறை. குறைந்த கணக்கிலேயே தொண்ணூறு தொட்டிக்கு மேல். உட்கார இடம் இருக்காது.

கதவைத் திறந்து வைக்கிறேன். தாளிக்கும் வாசனை வருகிறது.

*

பகல் மூன்று மணி இருக்கலாம். இந்த அறையில் மூன்று மணிக்கென்று தனியாக ஒரு வெளிச்சம் கிடையாது. நிழல்கள் காலையில் விழுந்த இடத்திலேயே விழுந்திருக்கின்றன.

ஸ்நேக் பிளான்டின் நிழல் சுவரில் ஏழு கோடு. நேற்றும் அங்கேதான். பென்சிலால் ஓரம் வரைந்து வைக்கலாம். வரையவில்லை.

*

மராண்டாவில் புதிய இலை. இன்னும் குச்சியாகச் சுருண்டிருக்கிறது. வெளிப்பக்கம் வெளிறிய பச்சை. சுருளின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு.

எப்போது பார்த்தாலும் அசையாமல் இருக்கிறது. காலையில் பார்த்ததைவிட இப்போது அகலம்.

*

மாடி வீட்டு அக்கா மணி பிளான்டில் ஒரு கொடி கேட்கிறார். திருடி வைத்தால்தான் செழிக்கும் என்று சொல்லிச் சிரிக்கிறார். கணுவுக்குக் கீழே வெட்டுகிறேன். வெட்டுவாயில் தண்ணீராகச் சாறு. கணுவில் பழுப்பு மொட்டாக வேர் தயாராக இருக்கிறது.

“எங்க வைக்கப் போறீங்க அக்கா?”

“பாத்ரூம்ல தம்பி. ஷெல்ஃப் சும்மாதான கெடக்கு. பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சுட்டா அழகா இருக்கும்.”

“ஜன்னல் இருக்கா?”

“எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை இருக்கு.”

“லைட்டு?”

“அதெல்லாம் நல்ல லைட்டு தம்பி, புதுசு. குளிக்கிறப்ப மட்டும் போடுவோம்.”